நாகர்கோவில் ஓரத்தில் ஒரு குழந்தைகள் துணிக்கடை: பன்னிரண்டு லட்சம் போன பதினெட்டு மாதங்கள்

நாகர்கோவில் மாநகராட்சியின் மேற்கு ஓரத்தில், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வீடுகள் நெருக்கமாக எழும்பிவிட்ட ஒரு சாலையில், 2022 ஆகஸ்டு கடைசியில் குழந்தைகளுக்கான துணிக்கடை ஒன்றைத் தொடங்கினேன். 2024 பிப்ரவரி கடைசியில் அதை மூடினேன். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் கையைவிட்டுப் போனது பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். கணவர் மஸ்கட்டில் இருந்ததால், இடம் பார்த்தது, கடன் வாங்கியது, சரக்கு எடுத்தது, கடைசியில் ஷட்டரை இழுத்துப் பூட்டியது எல்லாம் நானேதான். நான் அசட்டையாக இறங்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. மூன்று மாதம் யோசித்தேன், கணக்குப் போட்டேன், மக்கள்தொகைப் புள்ளிவிவரம்கூடப் பார்த்தேன். அந்த எண்களில் பொய் ஏதும் இல்லை. அவற்றுள் எது என் கடைக்கு உரியது என்று சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் சாலைக்குச் சாலை புதிய கடைக் கட்டடங்களில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகைகள் தொங்குவதைப் பார்க்கும்போது, சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றின் முன் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. அவர் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 16,000 ரூபாய். கடை வைக்கலாம் என்று என்னை நம்ப வைத்த வாதம் மிக எளிமையானது. மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 16,76,034; 2011-இல் 18,70,374. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மாநிலச் சராசரியோ 555. நகர்ப்புறத்தில் வாழ்வோர் மாநிலத்தில் 48 விழுக்காடு என்றால் இங்கே 82 விழுக்காடு. போதாக்குறைக்கு 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டது. ஜனம் பெருகுகிறது, நகரம் விரிகிறது, விரிகின்ற பக்கத்தில் முதலில் கடை போடுபவருக்குத்தான் யோகம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டு வைத்திருந்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதே எண்களை இப்போது வேறு விதமாகப் படிக்கிறேன். மாவட்டத்தின் பத்தாண்டு வளர்ச்சி 11.6 விழுக்காடு; மாநிலத்தின் வளர்ச்சியான 15.6 விழுக்காட்டைவிட அது குறைவு. நாகர்கோவில் நகரம் 2,08,179 பேரிலிருந்து 2,24,849 பேராகத்தான் வளர்ந்தது. ஊர் முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரத்து எழுநூறு பேர்கூடக் கூடவில்லை. அதில் என் சாலைக்கு எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்? குழந்தைகள் துணி விற்கப் புறப்பட்டவள் முதலில் தேடியிருக்க வேண்டிய எண் வேறொன்று. 2011 கணக்கின்படி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 1,82,350 பேர். நூறு பேருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அதற்குப் பின் பிறப்பு மேலும் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகளுக்கும் குறைவு என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வீடுகள் கூடுவதும் குழந்தைகள் கூடுவதும் ஒன்றல்ல. பெரிய குடும்பம் ஒன்று பிரிந்து மூன்று வீடு கட்டினால் சாலையில் மூன்று புதிய மதில்கள் தெரியும்; ஆள் எண்ணிக்கை பழையதேதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2022-இல் கடை வைத்த நான் நம்பியது பதினோரு ஆண்டுப் பழைய கணக்கை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை. ஆட்களை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை யாராவது மக்கள்தொகையைக் காட்டிக் கடை விலை பேசினால், எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

அந்த 82 விழுக்காடும் என்னை ஏமாற்றிய எண்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருப்பதால் மாவட்டம் நகர்ப்புறமாகக் கணக்கில் ஏறுகிறதே தவிர, தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் ரப்பரும் நடுவே கிடக்க வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்ற ஊர் இது. ஒவ்வொரு நாலைந்து கிலோமீட்டருக்கும் ஒரு சந்திப்பு. அந்தச் சந்திப்பிலேயே எல்லாம் கிடைக்கும். திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று ஊர்ப் பெயர்களிலேயே சந்தை இருக்கிறதே, அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. கருங்கல்காரர் கருங்கலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்குவார், குலசேகரத்துக்காரரும் அப்படித்தான், கல்யாணத்துக்கு மட்டும் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவார். பதினெட்டு லட்சம் பேர் என்பது ஒரே சந்தை இல்லை, நூறு சிறு சந்தைகள். என் பங்குக்கு உரியது நான்கைந்து தெருக்கள் மட்டுமே.

இடத்தைக் காட்டியவர் கட்டட உரிமையாளர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மரியாதையான மனிதர். “மக்களே, இன்னும் ரெண்டே வருஷத்துல இந்த ரோடு செட்டிகுளம் மாதிரி ஆயிரும், அப்பம் இந்த வாடகைக்குக் கேட்டாலும் கிடைக்காது” என்றார். செட்டிகுளம் என்பது நாகர்கோவிலின் கடைகள் நிறைந்த சந்திப்பு. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரும் அப்படித்தான் நம்பிக் கடன் வாங்கிக் கட்டியிருந்தார். 350 சதுர அடிக்கு மாத வாடகை 18,000, அட்வான்ஸ் இரண்டரை லட்சம். ரேக், கண்ணாடி, ஏசி, விளக்கு, பெயர்ப்பலகை என்று உள்வேலைக்கு 5,80,000 ஆனது. முதல் சரக்கு 7,20,000. கணினி, பில் போடும் மென்பொருள், திறப்புவிழாச் செலவு எல்லாம் சேர்ந்து 60,000. ஆக மொத்தம் 16,10,000. கணவரின் சேமிப்பு ஏழு லட்சம், என் நகைகளை வைத்து வாங்கிய கடன் ஐந்து லட்சம், மீதி சீட்டு எடுத்தது.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பிறகு வாய்ச்சண்டை எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் தாளில் வாடகையும் அட்வான்ஸும் மட்டும் இருந்தன. சொத்துவரி உயர்ந்தால் யார் கட்டுவது, நான் செய்த உள்வேலை யாருக்குச் சொந்தம், காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு எவ்வளவு பிடிப்பது என்று எதுவும் இல்லை. 2022-இல் கூட்டிய சொத்துவரியில் ஒரு பகுதியை அவர் என்னிடம் கேட்டார், கொடுத்தேன். காலி செய்யும்போது அட்வான்ஸில் 70,000 பிடித்துக்கொண்டார். வாதாட என்னிடம் தாள் இல்லை. உள்வேலைக்குப் பெரிய பணம் போடும் எவரும், அந்தப் பணம் திரும்பி வரும் காலத்துக்காவது வாடகை கூடாதபடி எழுதி வாங்கிக்கொண்டு பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள். நான் தச்சரை முதலில் கூப்பிட்டேன்.

திறந்த நேரம் ஓணத்துக்கு முந்தைய வாரம். முதல் மாத விற்பனை 2,10,000. அன்றிரவு மஸ்கட்டுக்குப் போன் செய்து நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வந்தவர்கள் யார் என்று பில்லைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் உடன் பணியாற்றியவர்கள், இரு வீட்டு உறவினர்கள், கணவரின் நண்பர்களின் மனைவிமார். அவர்கள் வாழ்த்துச் சொல்ல வந்து, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வாங்கியவர்கள். தீபாவளி மாதம் 1,45,000, டிசம்பர் 2,35,000, ஜனவரியில் 68,000, பிப்ரவரியில் 61,000. வாடகை, இரண்டு பெண்களுக்குச் சம்பளம், மின்கட்டணம், சில்லறைச் செலவு என்று மாதம் 45,000 ரூபாய் ஓடியது. நூறு ரூபாய் விற்றால் எனக்கு நின்றது இருபத்தெட்டு ரூபாய். அதாவது நட்டமில்லாமல் இருக்கவே மாதம் 1,60,000 ரூபாய்க்கு விற்க வேண்டும், நாளொன்றுக்கு 5,300. ஒரு பில் சராசரியாக 650 ரூபாய் என்பதால், ஞாயிறு உட்பட ஒவ்வொரு நாளும் எட்டுக் குடும்பங்கள் வந்து வாங்கியாக வேண்டும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு நான்கு முறை வாங்கும் என்று வைத்தால், 720 குடும்பங்கள் என்னை விட்டால் வேறு கடைக்குப் போகாதவையாக இருக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெருக்கல், வகுத்தல்தான் இது. கடை திறந்து ஏழு மாதம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன்.

சரக்கு விஷயத்தில் தெரியாமல் மாட்டிக்கொண்டது செட் முறையில். திருப்பூரில் மொத்த வியாபாரி ஒரு ஃப்ராக்கை ஒன்றிரண்டாகத் தரமாட்டார். 22, 24, 26, 28, 30 என்று ஐந்து சைஸ் சேர்த்த செட்டாகத்தான் தருவார். என் சாலையில் 22-உம் 24-உம் ஓடின. 28-உம் 30-உம் அப்படியே நின்றன, ஏனென்றால் எட்டு வயதைத் தாண்டிய பெண்பிள்ளைக்குத் தாய் தனியாக வந்து எடுக்க முடியாது. பிள்ளை கூடவே வரும், வந்தால் வேப்பமூட்டுப் பக்கம் பெரிய கடைக்குத்தான் போகச் சொல்லும். ஐந்தில் இரண்டு தேங்கினால் மற்ற மூன்றின் லாபமும் அந்தத் தேக்கத்துக்குள் போய்விடும். முதல் முறை எடுக்கும்போதே கையிலிருந்த பணம் முழுவதற்கும் எடுத்ததுதான் பெரிய பிழை. மூன்றில் ஒரு பங்குக்கு எடுத்து, எந்த சைஸ் போகிறது என்று இரண்டு மாதம் குறித்துவிட்டு மறுபடி போயிருக்க வேண்டும். ஜிஎஸ்டியிலும் ஒரு வீண் செலவு: சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை நாற்பது லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்றிருக்க, பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் விற்ற நான் முதல் நாளே பதிவுசெய்து மாதாமாதம் ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஜூன் வாக்கில் ஒரு பழக்கம் தொடங்கியது. பார்சல் கொண்டுவரும் பையன் ஒருவன், பத்தரை மணிக்கு என் கடைப்படியின் நிழலில் பைக்கை நிறுத்தி, முதுகிலிருந்த பெரிய பையைக் கவிழ்த்து, தெருவாரியாகப் பிரித்து அடுக்குவான். “அக்கா, இந்த வீடு கிணத்துக்குப் பக்கத்துலயா, கோயிலுக்குப் பின்னாலயா?” என்று என்னிடமே கேட்பான்; நானும் வழி சொல்வேன். ஒரு நாள் எண்ணினேன். என் நான்கு தெருக்களுக்கு மட்டும் இருபத்து மூன்று பார்சல். ஒன்றின் உறை கிழிந்திருந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் குழந்தை ஃப்ராக் தெரிந்தது. ரேக்கில் அதேபோன்ற ஒன்றை 24 சைஸில் தொங்கவிட்டிருந்தேன். அவன் போனபின் அதைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். ஒரு சாலையில் கடை போடுமுன் அங்கே பார்சல் கொண்டுவருபவரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாத அளவுக்குச் சொல்லிவிடுவார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஜூலையில், எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு வேலை செய்தேன். “ராத்திரி நடந்து பாரு, எத்தனை வீட்டுல வெளக்கு எரியுதுன்னு” என்றார். கடையைப் பூட்டிவிட்டு ஏழரை மணிக்கு நான்கு தெருக்களையும் நடந்தேன். 146 வீடுகள். அவற்றுள் 51 இருட்டு. கேட்டில் பூட்டு, அல்லது வெளிவிளக்கு மட்டும் எரிந்தது. மாடியும் பளிங்குத் தரையுமாகக் கட்டிவிட்டு வளைகுடாவிலோ பெங்களூருவிலோ இருப்பவர்களின் வீடுகள்; என் கணவரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் எங்கள் வீடும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கும். விளக்கெரிந்த வீடுகள் பலவற்றில் முன்னறைத் தொலைக்காட்சிக்கு எதிரே வயதான இருவர். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன்கள் வரும் நேரத்தில் முக்கில் நின்றேன். ஏறிய பிள்ளைகள், பெரிய வகுப்புகளையும் சேர்த்து, 41 பேர். கொடியில் உலர்ந்த குட்டிச் சட்டைகளையும் மூன்று சக்கரச் சைக்கிள்களையும் வைத்துக் கணக்கிட்டால், ஆறு வயதுக்குள் குழந்தை இருந்த வீடுகள் 29. எனக்குத் தேவைப்பட்டவை 720. ஒரு மாலையும் ஒரு காலையும் ஆன வேலை இது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்திருந்தால் காசு செலவில்லை. அப்படியே நின்று பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து வீடு திரும்புகிறவர்கள் சாலையின் மறுபக்கம் போகிறார்கள். என் பக்கம் காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களின் பக்கம். காலை ஒன்பது மணிக்கு யாரும் குழந்தைக்குக் கவுன் எடுக்க வண்டியை நிறுத்துவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் மூடவில்லை. மூடியிருந்தால் நான்கைந்து லட்சமாவது மிஞ்சியிருக்கும். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் காரணம். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. டிசம்பரை நம்பினேன். மக்கள்தொகையில் ஏறக்குறைய 47 விழுக்காடு கிறிஸ்தவர்கள் என்பதால் இங்கே கிறிஸ்துமஸ்தான் துணி விற்கும் காலம். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிகிற டிசம்பர் 3-இலிருந்தே கூட்டம் தொடங்கிவிடும். மேலும் ஒன்றரை லட்சத்துக்குச் சரக்கு எடுத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். கடைக்குள் வரவில்லை, ஆனால் வாடிக்கையாளரும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய முக்கியமான வாரம் அப்படியே போயிற்று. அந்த மாத விற்பனை 1,20,000. நட்டத்தில் ஓடும் கடைக்குப் பண்டிகையை நம்பிச் சரக்கு எடுப்பவர்கள் அந்தப் பண்டிகை வாரத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்; ஐப்பசி முதல் மார்கழி முடிய இது மழைக்காலம்.

பிப்ரவரியில் கணக்கை முடித்தேன். பதினெட்டு மாத நடைமுறை நட்டம் 2,80,000. உள்வேலையில் திரும்பி வந்தது 90,000 போக, போனது 4,90,000. வாங்கிய விலையில் 4,60,000 மதிப்புள்ள மீதிச் சரக்கை மார்த்தாண்டத்துக் கடைக்காரர் ஒருவர் 1,70,000-க்கு எடுத்துக்கொண்டதில் 2,90,000. அட்வான்ஸில் பிடித்தது 70,000. நகைக்கடன் வட்டி 67,000. கணினியும் மற்றவையும் விற்றதுபோக 45,000. நான் விட்டுவந்த சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. நகையை மீட்க இன்னும் இரண்டு ஆண்டு ஆகும்.

கடைசி ஓராண்டில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் புதுநன்மைக்கும் (பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு), ஆண்டு முழுவதும் ஞானஸ்நானத்துக்கும் வெள்ளைக் கவுன் கேட்டு வெகு தொலைவிலிருந்துகூட ஆள் வந்தது. சரியான அளவில் கையோடு கிடைக்க வேண்டும், நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அன்றைக்கே இடுப்பைப் பிடித்துத் தைத்துத் தர வேண்டும். இதை பார்சலில் யாரும் வாங்குவதில்லை. விலையிலும் பேரம் குறைவு. அதற்குச் சாலையோரக் கடையே வேண்டியதில்லை. இப்போது மறுபடி பள்ளிக்குப் போகிறேன். வீட்டு முன்னறையில் ஒரு தையல் இயந்திரமும் இரண்டு அலமாரி வெள்ளைக் கவுன்களும் இருக்கின்றன. தேவாலயப் பங்குகளில் வகுப்பெடுக்கும் ஆசிரியைகள் மூலம் ஆள் வருகிறது. சென்ற கோடையில் நாற்பத்தாறு கவுன் போயிற்று.

என் உள்வேலையை 90,000-க்கு வாங்கியவர் அதே கட்டடத்தை அதே வாடகைக்கு எடுத்தார். ரேக்கைக் கழற்றவே இல்லை. குழந்தைச் சட்டைகள் தொங்கிய கம்பிகளில் இப்போது முழங்கால் பட்டைகளும் இடுப்புப் பட்டைகளும் தொங்குகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் சக்கர நாற்காலிகள், கட்டில் வாடகை, பெரியவர்களுக்கான டயப்பர். போன வாரம் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி விசாரித்தேன். மாலையில் ஒரு ஆள் கூடுதலாகப் போட்டிருப்பதாகவும், பக்கத்து அறையும் காலியானால் எடுத்துக்கொள்ளலாம் என்றிருப்பதாகவும் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே துபாயிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வழி சொல்லிக்கொடுத்த அந்தக் கிணற்றுப் பக்கத்து வீட்டுக்கு, அம்மாவுக்கு ஒரு வாக்கர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.